வாசகர் கேள்வி பதில்: நடுவில் நிற்கும் பிராக்ஸியும் எழுதி வைக்க வேண்டிய குறிப்பும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், செயலிக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று அவை பேசுவதைக் காட்டும் மிட்ம்பிராக்ஸி என்ற கருவி பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: டெஸ்டராக வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் மொபைல் செயலி சர்வரோடு என்ன பேசுகிறது என்று பார்க்க மிட்ம்பிராக்ஸியை நிறுவச் சொன்னார்கள், நிறுவிய முறையைக் குழுவுக்கு எழுதித் தரவும் சொன்னார்கள். உபுண்டு லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம் நிறுவினேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பிரவுசர் எச்சரிக்கிறது. கட்டுரைகளில் உள்ள கட்டளைகள் பாதிதான் வேலை செய்கின்றன. எங்கே தவறு?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டளைகள் வேலை செய்யாததற்குக் காரணம் பதிப்பு. ஆப்ட் போன்றவை எடுத்துத் தரும் மென்பொருள் கிடங்குகளில் இருக்கும் மிட்ம்பிராக்ஸி பெரும்பாலும் பழையது. நீங்கள் படித்த கட்டுரைகள் அதைவிடப் புதியதாகவோ இன்னும் பழையதாகவோ இருக்கலாம். ஒரு காலத்தில் டிரான்ஸ்பேரன்ட் முறைக்கு (கருவியில் பிராக்ஸி அமைப்பு போடாமலேயே பிடிக்கும் முறை) ஒற்றைப் பெரிய டி எழுத்து போதும், இப்போது 'மோட்' என்று முழுதாக எழுத வேண்டும். சான்றிதழ் ஃபோல்டரை மாற்றும் கட்டளையும் அப்படித்தான் பெயர் மாறியது. ஆப்ட் போட்டதை நீக்கிவிட்டு, மிட்ம்பிராக்ஸியின் சொந்தத் தளத்தில் லினக்ஸுக்கென்று கிடைக்கும் தனித்து இயங்கும் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பைத்தான் நூலகங்களைச் சேர்த்து ஆட்-ஆன் எழுதும் எண்ணம் இருந்தால் பைத்தான் நிறுவிகளான பிப்எக்ஸ் அல்லது யுவி வழியாக நிறுவுங்கள், அது தனிச் சூழலில் உட்கார்ந்துகொள்ளும், மற்ற பைத்தான் வேலைகளைத் தொந்தரவு செய்யாது. வெறும் பிப் கொண்டு கணினி முழுமைக்கும் போடாதீர்கள், பிறகு நூலகங்கள் ஒன்றோடொன்று மோதும். மேக்கில் ஹோம்ப்ரூ போதும், விண்டோஸுக்கு நிறுவி கிடைக்கிறது.

நிறுவியதும் மூன்று கருவிகள் கிடைக்கும். டெர்மினலுக்குள்ளேயே ஓடும் மிட்ம்பிராக்ஸி, பிரவுசரில் திறக்கும் மிட்ம்வெப், எதையும் கேட்காமல் பதிவு மட்டும் செய்யும் மிட்ம்டம்ப். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிட்ம்வெப்தான் சுலபம். தரவுப் போக்குவரத்து 8080 போர்ட் வழியாக வரும், பார்க்கும் பக்கம் உங்கள் கணினியிலேயே 8081-ல் திறக்கும். புதிய பதிப்புகள் அந்தப் பக்கத்துக்கு ஒரு டோக்கன், அதாவது நுழைவுக் குறியீடு, கேட்கும். டெர்மினலில் வரும் முகவரியில் அது ஏற்கெனவே ஒட்டியிருக்கும், அதை அப்படியே நகலெடுங்கள்.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். அது பிழையல்ல, பிரவுசர் தன் கடமையைச் செய்கிறது. நீங்கள் ஒரு வங்கித் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். பிரவுசர் முதலில் பிராக்ஸியிடம் 'இந்த சர்வரோடு இணைத்துவிடு' என்கிறது. பிராக்ஸி உண்மையான சர்வரோடு தானே பேசி, அதன் சான்றிதழில் (இன்ன தளம்தான் என்று காட்டும் அடையாளச் சீட்டு) உள்ள பெயர்களைப் பார்த்து, அதே பெயர்களில் அந்த நொடியிலேயே வேறொரு சான்றிதழ் தயாரித்து, அதில் தன் கையெழுத்தைப் போட்டு உங்கள் பிரவுசரிடம் நீட்டுகிறது. யார் இந்தக் கையெழுத்துக்காரர் என்று பிரவுசருக்குத் தெரியாது, அதனால் கத்துகிறது. பெயரின் தொடக்கத்தில் உள்ள எம்ஐடிஎம் என்பதே 'நடுவில் நிற்பவர்' என்பதன் சுருக்கம்தான். திருடன் செய்வதும் இந்தக் கருவி செய்வதும் தொழில்நுட்பத்தில் ஒன்றே. ஒரே வித்தியாசம், இங்கே நடுவில் நிற்பவரை உங்கள் கையாலேயே நம்பச் சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லும் செயல்தான் சான்றிதழ் நிறுவுவது.

முதல் முறை ஓட்டியதும் உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மிட்ம்பிராக்ஸி ஃபோல்டர் ஒன்று உருவாகும், சான்றிதழ்கள் அதில் இருக்கும். பிராக்ஸி வழியாக மிட்ம் டாட் ஐடி (mitm.it) என்ற முகவரியைத் திறந்தாலும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய கோப்பு கிடைக்கும். அந்தப் பக்கம் பிராக்ஸி வழியாகப் போனால்தான் சரியாக வரும். 'போக்குவரத்து பிராக்ஸி வழியாகப் போகவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தால் சான்றிதழைத் தொடாதீர்கள், பிராக்ஸி அமைப்பைச் சரிபாருங்கள்.

உபுண்டுவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழைக் கணினியின் பொதுக் கிடங்கில் சேர்க்கும்போது கோப்பின் நீட்சி சிஆர்டி (.crt) என்று இருக்க வேண்டும், பெம் (.pem) என்றே விட்டால் புதுப்பிக்கும் கட்டளை அதைக் கண்டுகொள்ளாது. சரியாகச் சேர்த்தாலும் அது கர்ல் போன்ற டெர்மினல் கருவிகளுக்குத்தான் உதவும், குரோமும் ஃபயர்பாக்ஸும் தனிக் கிடங்கு வைத்திருக்கின்றன. என் யோசனை, பொதுக் கிடங்கைத் தொடவே வேண்டாம். ஃபயர்பாக்ஸில் சோதனைக்கென்று தனி ப்ரொஃபைல் ஒன்று உருவாக்குங்கள், சான்றிதழும் பிராக்ஸி அமைப்பும் அதற்குள் மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ப்ரொஃபைலை அழித்தால் எல்லாம் போய்விடும், உங்கள் சொந்த மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் அந்தப் பக்கமே வராது.

கேள்வி: கல்லூரியில் மாணவர்களுக்குச் செய்து காட்ட முயன்றேன். என் ஆண்ட்ராய்டு போனில் குரோமின் போக்குவரத்து தெரிகிறது, ஆனால் செயலிகள் எதுவும் திறக்கவில்லை. 'இணைப்பு இல்லை' என்கின்றன. சில நேரம் போன் லேப்டாப்பையே எட்டுவதில்லை.
— விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருப்பது வழக்கம், நல்ல வழக்கமும்தான். லேப்டாப்பிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு போனை அதில் இணையுங்கள். விண்டோஸ் என்றால் முதல் முறை ஃபயர்வால் ஒரு கேள்வி கேட்டிருக்கும், அவசரத்தில் மறுத்திருந்தால் அதன் பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் போனிலிருந்து எதுவும் வராது.

செயலிகள் திறக்காதது உங்கள் தவறில்லை. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் தானாகச் சேர்த்த சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. குரோம் நம்பும், அதனால்தான் அது தெரிகிறது. உங்கள் மாணவர்கள் எழுதிய செயலி என்றால் வழி சுத்தமாக இருக்கிறது. செயலியின் நெட்வொர்க் பாதுகாப்பு எக்ஸ்எம்எல் கோப்பில் 'டீபக் ஓவர்ரைட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, அதில் பயனர் சான்றிதழ்களை நம்பச் சொல்லலாம். டீபக் முறையில், அதாவது சோதனைக்கென்று, கட்டிய செயலிக்கு மட்டுமே அது செல்லும், கடையில் வெளியிடும் செயலியைப் பாதிக்காது. மாணவர்களுக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் கிடையாது: தாங்கள் கட்டும் செயலி யாரை நம்ப வேண்டும் என்று அவர்களே எழுத வேண்டியிருக்கிறது.

மற்றவர்களின் செயலிகளுக்கு வழி கேட்காதீர்கள். ரூட் செய்த (முழு அதிகாரம் திறந்த) போனில் சிஸ்டம் கிடங்கில் நேராகக் கோப்பைப் போடும் பழைய முறையும் ஆண்ட்ராய்டு 14-ல் அந்தக் கிடங்கு இடம் மாறியதால் அப்படியே வேலை செய்வதில்லை. போதாததற்குச் சில செயலிகள் தங்கள் சர்வரின் சான்றிதழ் அடையாளத்தை உள்ளேயே பதித்து வைத்திருக்கும், வேறு எது வந்தாலும் ஏற்காது. வங்கிச் செயலிகள் அப்படி இருப்பதுதான் நமக்கு நல்லது.

ஃப்ளட்டர் என்ற செயலி கட்டும் கருவியில் எழுதிய செயலி என்றால் அது போனின் பிராக்ஸி அமைப்பைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது, அதனால் மிட்ம்பிராக்ஸி திரை வெறுமையாகவே இருக்கும். அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் முறையை முயலுங்கள். போனில் வயர்கார்டு செயலியைப் போட்டு மிட்ம்வெப் காட்டும் கியூஆர் கட்டக்குறியை ஸ்கேன் செய்தால் போனின் போக்குவரத்து முழுவதும் அந்த வழியாக வரும். சான்றிதழ் சிக்கல் அப்போதும் தனியாக இருக்கும், மறக்க வேண்டாம். ஐபோனில் ப்ரொஃபைலை நிறுவினால் மட்டும் போதாது, 'அபௌட்' பக்கத்தின் அடியில் சான்றிதழ் நம்பிக்கைக்கென்று இருக்கும் சுவிட்சையும் போட வேண்டும். பலர் அங்கேதான் ஒரு மணி நேரம் இழக்கிறார்கள்.

கேள்வி: வயர்ஷார்க் இருக்கும்போது இது எதற்கு?
— வாசகர், ஈரோடு

பதில்: வயர்ஷார்க் கம்பியில் போகும் பொட்டலங்களைக் காட்டும், மறையாக்கத்துக்குள் இருப்பதை விசை கொடுக்காமல் காட்டாது. மிட்ம்பிராக்ஸி உள்ளே இருக்கும் கோரிக்கையையும் பதிலையும் காட்டும், நிறுத்தி வைக்கவும் திருத்தி அனுப்பவும் விடும். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் வயர்ஷார்க், இணைப்பு கிடைத்தும் தவறான விவரம் வருகிறது என்றால் மிட்ம்பிராக்ஸி.

கேள்வி: நிறுவிவிட்டேன், வேலை செய்கிறது. ஆவணம் எழுதுவதுதான் வரவில்லை. டைப் செய்த கட்டளைகளை வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன், 'இது போதாது' என்று திருப்பிவிட்டார்கள். வேறு என்ன எழுத வேண்டும்?
— வாசகர், ஓசூர்

பதில்: திருப்பியவர் உங்களுக்கு நன்மை செய்திருக்கிறார். வேறு கருவிக்குக் கட்டளைப் பட்டியல் போதலாம். இந்தக் கருவி உங்கள் கணினி யாரை நம்புகிறது என்பதையே மாற்றுகிறது. எனவே நீங்கள் எழுத வேண்டிய முதல் விஷயம் எதை மாற்றினீர்கள், அதை எப்படித் திரும்ப எடுப்பது என்பது. நிறுவும் முறை அதற்குப் பிறகுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சோதனைக்கு வைத்திருந்த போன்களில் வேலை சுலபமாகட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஒருவர் தன் மிட்ம்பிராக்ஸி ஃபோல்டர் முழுவதையும் பொது டிரைவில் போட்டு, எல்லா போன்களிலும் அதே சான்றிதழை நிறுவினார். எதையும் எழுதி வைக்கவில்லை. சில மாதங்களில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஃபோல்டரில் சான்றிதழ் மட்டும் இல்லை, அதன் ரகசிய விசையும் இருந்தது. அந்த விசை யாரிடம் இருக்கிறதோ அவரால், அதே நெட்வொர்க்கில் நின்றுகொண்டு, அந்த போன்களுக்கு எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் நீட்ட முடியும். எந்தெந்த போனில் போட்டார்கள், யார் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் சொந்த வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்த அத்தனை போன்களையும் முழுதாக அழித்துப் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. அரைப் பக்கக் குறிப்பு ஒன்று இருந்திருந்தால் ஒரு மதிய நேரத்தில் முடிந்திருக்கும்.

எனவே உங்கள் ஆவணத்தின் முதல் வரியில் தேதி, மிட்ம்பிராக்ஸி பதிப்பு எண், கணினியின் இயங்குதளப் பதிப்பு இந்த மூன்றும் இருக்கட்டும். பதிப்பு எண் இல்லாத ஆவணம் ஓராண்டில் வழிதவற வைக்கும், கோயம்புத்தூர் வாசகிக்கு நேர்ந்தது அதுதான். அடுத்து எந்த வழியில் நிறுவினீர்கள், ஏன் அந்த வழி. 'ஏன்' என்பதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், பிறகு வருபவர் தனக்குத் தெரிந்த வழியில் மாற்றிப் போட்டு அதே பள்ளத்தில் விழுகிறார்.

சான்றிதழுக்குத் தனிப் பகுதி கொடுங்கள். ஃபோல்டரில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு பெம் கோப்புகள் இருக்கும். பெயரில் 'செர்ட்' என்று இருப்பதை வெளியே கொடுக்கலாம். அது இல்லாமல் வெறும் 'சிஏ' என்று முடிவதில் ரகசிய விசை இருக்கிறது, அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு சின்ன அட்டவணை: எந்தக் கருவி, யார் பொறுப்பு, எந்தத் தேதியில் சான்றிதழ் போட்டோம், எந்தத் தேதியில் எடுத்தோம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரை வேலை முடியவில்லை என்று பொருள்.

அப்புறம் பதிவுக் கோப்புகள். மிட்ம்டம்ப் எழுதித் தரும் கோப்பில் குக்கீ, உள்நுழைவு டோக்கன், கடவுச்சொல், ஓடிபி எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும். 'இந்தப் பிழையைப் பாருங்கள்' என்று அதை அரட்டைக் குழுவில் போடுவது வீட்டுச் சாவியைப் போடுவது போல. எந்தத் தளத்தின் போக்குவரத்தை மட்டும் பதிவு செய்வது என்று டொமைன் பெயரால் வடிகட்டும் கட்டளையை ஆவணத்திலேயே எழுதிக் கொடுங்கள், மற்ற தளங்களைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கடந்துபோக விடும் வசதியையும் சேர்த்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டும்போது டோக்கன்களை மறையுங்கள். மங்கலாக்குவதை நம்பாதீர்கள், கறுப்புப் பட்டை போடுங்கள்.

முடிவில் நீக்கும் முறை. பிராக்ஸி அமைப்பை அணைப்பது, சான்றிதழை எடுப்பது, ஹோம் ஃபோல்டரில் உள்ளதை அழிப்பது. ஒவ்வொன்றையும் செய்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது என்றும் எழுதுங்கள். 'காலையிலிருந்து நெட் வரவில்லை' என்று வரும் புகார்களில் எத்தனையோ, முந்தின நாள் மிட்ம்பிராக்ஸியை மூடிவிட்டு பிராக்ஸி அமைப்பை மட்டும் அப்படியே விட்டதால் வருபவை.

கேள்வி: ஒரு சான்றிதழை நிறுவுவதற்கு இவ்வளவு பயம் வேண்டுமா? சோதனைக்குத்தானே?
— வாசகர், சென்னை

பதில்: வேண்டும். 2015 பிப்ரவரியில் லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது பெரிய செய்தியானது. பக்கங்களில் விளம்பரம் நுழைப்பதற்காக அது செய்ததும் இதே வேலைதான்: தன் சான்றிதழைக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து நடுவில் நின்றது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசிய விசை, அதற்கு ஒரு சாதாரண கடவுச்சொல். வெளியே இருந்தவர்கள் அதைச் சீக்கிரமே பிரித்தெடுத்துவிட்டார்கள்.

2019-ல் கஜகஸ்தானில் அரசு வழங்கிய சான்றிதழை நிறுவும்படி இணையச் சேவை நிறுவனங்கள் மக்களிடம் சொல்லின. அந்த ஆகஸ்டில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் அந்தச் சான்றிதழைத் தடுத்தன. இரண்டிலும் கருவி பெரிதாக வேறுபடவில்லை. கணினியின் அல்லது போனின் உரிமையாளருக்கு என்ன தெரிந்திருந்தது, அவரால் மறுக்க முடிந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிட்ம்பிராக்ஸி ஒவ்வொரு கணினியிலும் முதல் ஓட்டத்தில் தனித்தனி விசை உருவாக்குவது சூப்பர்ஃபிஷ் போன்ற நிலை வராமல் இருக்கத்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது போல ஒரே விசையைப் பகிர்ந்தால் அந்தப் பாதுகாப்பை நாமே எடுத்துப் போட்டதாகிவிடும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் போனில் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரியாமல் இதைப் போட்டுப் பார்க்க முடியுமா? பக்கத்து வீட்டுப் பையன் முடியும் என்கிறான்.
— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் இதைச் செய்ய வேண்டாம். முதலில், உங்களுக்குத் தேவையான எதுவும் இதில் கிடைக்காது. அவன் பயன்படுத்தும் செயலிகள் பெரும்பாலும் இந்தச் சான்றிதழை ஏற்காமல் நின்றுவிடும், போனும் 'நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்று அவனிடமே சொல்லிவிடும். இரண்டாவது, அந்தப் பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப் வழியாக உங்கள் வீட்டு போனின் கடவுச்சொற்கள் போகும். மூன்றாவதுதான் முக்கியம், தனக்குத் தெரியாமல் பார்த்தார்கள் என்று ஒரு நாள் அவன் கண்டுபிடித்தால் அதன் பிறகு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான். போனில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி இருக்கிறது, அவனையும் உட்கார வைத்துச் சேர்ந்து போடுங்கள்.

மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கணினியிலோ நெட்வொர்க்கிலோ அனுமதி இல்லாமல் இதை ஓட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகள் பாயலாம். 66-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலுவலகத்தில் சோதனைக்கு என்றாலும் அனுமதியை எழுத்தில் வாங்கி ஆவணத்தோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: மிட்ம்பிராக்ஸிக்குத் தமிழில் வழிகாட்டி எழுத ஆசை. 'இன்டர்செப்ட்', 'ஃப்ளோ', 'ரீப்ளே' போன்றவற்றுக்கு என்ன சொல் போடுவது? எழுதியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், மதுரை

பதில்: மனம் நிறைந்த கேள்வி, கட்டாயம் எழுதுங்கள். விளக்கும் இடத்தில் இடைமறித்தல் என்று தாராளமாக எழுதலாம், எல்லோருக்கும் புரியும். ஆனால் 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்று சொல்லும் இடத்தில் திரையில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். வாசகர் திரையில் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான், நீங்கள் 'மறு இயக்கம்' என்று எழுதினால் ரீப்ளே பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே தேடுவார். ஃப்ளோ என்பது ஒரு கோரிக்கையும் அதற்கு வந்த பதிலும் சேர்ந்த ஜோடி. ஓட்டம் என்று மொழிபெயர்ப்பதைவிட, முதல் முறை வரும்போது இதை ஒரு வரியில் விளக்கிவிட்டு ஃப்ளோ என்றே தொடருங்கள்.

ஆல்டோ கோர்டெசி 2010-ல் தொடங்கிய திட்டம் இது. எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வருவதால் உரிமக் குறிப்பைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். மூல ஆவணங்களும் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன, அதனால் ஆங்கிலத்தில் ஒரு படி பழையதாகிவிட்டதைக் கண்டால் திருத்தி அங்கேயும் அனுப்புங்கள்.

சரிபார்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். இதற்கு முன் மிட்ம்பிராக்ஸியைத் தொடாத ஒருவரை, எதுவும் நிறுவாத கணினி முன் உட்கார வையுங்கள். உங்கள் வழிகாட்டியைக் கையில் கொடுங்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கேட்டாலும் பதில் சொல்லாமல், எந்த வரியில் நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த வரை பெரும்பாலோர் நிற்கும் முதல் இடம் மிட்ம் டாட் ஐடி பக்கம். இரண்டாவது இடம் நீக்கும் பகுதி, ஏனென்றால் எழுதியவர் அதைத் தானே ஒரு முறையும் செய்து பார்த்திருக்க மாட்டார். அந்த இரண்டு இடத்தையும் திருத்திவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், என் கணினியில் முதல் வரியிலிருந்து செய்து பார்த்து எழுதுகிறேன்.